புலி வாலும் டக் வண்டியும்: சிறிய வால்சக்கர விமானத்தை நகர்த்த எது சரி?

டக் எனப்படும் இழுவை வண்டியை வாங்கப் போகிறவர் விளம்பரத் தாளில் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: எத்தனை கிலோ விமானம் வரை இழுக்கும்? மூக்குச் சக்கர விமானத்துக்கு அந்த எண் ஓரளவு உதவும். முன்னால் இரண்டு பெரிய சக்கரமும் வாலின் அடியில் ஒரு சின்னச் சக்கரமும் உள்ள வால்சக்கர விமானத்துக்கு அதை நம்பி வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மோட்டாருக்குத் தெம்பு இருக்கும். ஆனால் டக்கின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், புல் கிழியும், விமானம் இம்மியும் அசையாது.

எடை எங்கே இறங்குகிறது என்பதுதான் இதற்குக் காரணம். செஸ்னா 172 காலியாக நிற்கும்போது அதன் எடையில் கால் பங்கு அளவுக்கு மூக்குச் சக்கரத்தின் மேல் இருக்கும். டக் அந்த எடையைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொண்டால் அதுவே பிடிமானம். வால்சக்கர விமானத்திலோ, பின்னால் இறங்குவது பத்தில் ஒரு பங்குக்கு அக்கம்பக்கம்தான். பைப்பர் ஜே-3 கப் என்ற சிறிய வால்சக்கர விமானம் காலியாக நின்றால் வாலில் இருப்பது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் எடை. அந்தச் சின்ன எடையை வைத்துக்கொண்டு முழு விமானத்தையும் இழுக்க வேண்டும். ஆகவே எந்த டக்கைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் போதும்: தரையை எப்படிப் பிடிக்கிறது, வாலை எப்படிப் பிடிக்கிறது? குதிரைத்திறன், பேட்டரி, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஒரு தராசு

டக்கைப் பார்க்கும் முன் விமானத்தை அளந்துவிடுங்கள். பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு, 50 கிலோ வரை காட்டுவது, போதும். டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், விமானப் பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.72 கிலோ, 100 லிட்டர் என்றால் 72 கிலோ. டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். பிரேக் உரசாமல் சக்கரம் தாராளமாக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காற்றுக் குறைந்த டயரையும் ஒட்டிக்கொள்ளும் பிரேக்கையும் வைத்துக்கொண்டு எடுத்த அளவை நம்பி டக் வாங்குவது வீண் செலவு. இழுகம்பிக்கும் கைக்கும் நடுவே தராசை மாட்டி மெதுவாக இழுத்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று விமானம் அசையத் தொடங்கும் கணத்தில் காட்டுவது, மற்றது உருண்டுகொண்டிருக்கும்போது காட்டுவது. முதலாவதுதான் டக்கைத் தீர்மானிக்கும். அதையும் நல்ல இடத்தில் அளக்கக் கூடாது. வழக்கமாக நீங்கள் முக்கி முனகும் இடம் எதுவோ அங்கே அளக்க வேண்டும்.

தராசு இல்லாவிட்டால் தோராயக் கணக்கு உண்டு. இங்கே இழுவிசையைத் தராசு காட்டும் கிலோவிலேயே சொல்கிறோம். வழுவழுப்பான காங்கிரீட்டில் உருளும் விமானத்துக்கு அதன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் போதும். கெட்டியான, வெட்டிய, காய்ந்த புல்தரையில் 5 முதல் 8 சதவீதம். மழை ஊறிய மண்ணில் 10 முதல் 15, சக்கரம் புதைந்தால் அதற்கும் மேல். சரிவு தனி: 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறினால் இன்னொரு 3 சதவீதம். முழு எடை 553 கிலோ உள்ள ஜே-3 கப்புக்குக் காங்கிரீட்டில் 11 கிலோ, புல்லில் 28 முதல் 44 கிலோ. முழு எடை 1,157 கிலோ உள்ள தொடக்ககால செஸ்னா 180-க்கு அதே இடங்களில் 23 கிலோவும், 58 முதல் 93 கிலோவும்.

இந்த எண்களை வைத்து மோட்டாரின் கணக்கைப் போட்டால் சிரிப்பு வரும். 45 கிலோ இழுவிசையில், விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் விமானத்தை நகர்த்த 220 வாட் போதும். அப்படியே 50 மீட்டர் போனால் செலவாவது 6 வாட் மணி; கியரிலும் மோட்டாரிலும் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் 12. சாதாரண 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி டிரில் பேட்டரியில் 90 வாட் மணி இருக்கிறது. அதாவது அந்த 50 மீட்டரை ஏழு தடவை கடக்க அதுவே காணும். பெரிய மோட்டார், பெரிய பேட்டரி என்று விற்பனையாளர் அடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிமானக் கணக்கு அப்படிச் சிரிக்க வைக்காது. 40 கிலோ எடையுள்ள மின் டக், 35 கிலோ வாலைத் தூக்கித் தன் இயக்கச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொள்கிறது. மொத்தம் 75 கிலோ. காய்ந்த காங்கிரீட்டில் ரப்பரின் உராய்வு சுமார் 0.6 என்றால் 45 கிலோ இழுக்கலாம், கப்புக்குத் தாராளம். ஈரப் புல்லில் உராய்வு 0.25 அல்லது 0.3. அதே டக் 19 முதல் 22 கிலோ வரைதான் இழுக்கும். விமானமோ குறைந்தது 28 கேட்கிறது. வாலைத் தூக்காமல் அச்சில் கொக்கி மாட்டி இழுக்கும் டக்காக இருந்தால் அதன் சொந்த எடை மட்டும்தான் கணக்கில் வரும்: ஈரப் புல்லில் 10 முதல் 12 கிலோ. மனிதரே அதைவிட நன்றாக இழுப்பார். டக்கின் மேல் 20 கிலோ இரும்பை ஏற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஈரப் புல்லில் அது கூட்டித் தருவது 6 கிலோ. 44 கிலோ வேண்டும் என்றால் இயக்கச் சக்கரத்தின் மேல் 147 கிலோ நிற்க வேண்டும். வால் 35 கிலோ போக, டக்கே 110 கிலோவுக்குக் குறையக் கூடாது.

வாலின் எடையை எங்கே பார்ப்பது? எடை-சமநிலை அறிக்கையில் ஒரு எண் இருக்கும், ஆனால் அது விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக வைத்து எடுத்தது. வால் தரையில் இருக்கும்போது, ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் பின்னால் சாய்ந்துவிடும். வாலின் சுமை கணிசமாகக் கூடும். அறிக்கை எண்ணை எடுத்துக்கொள்ளாமல் வால்சக்கரத்தின் கீழே ஒரு சாதாரணக் குளியலறைத் தராசை வைத்து, முன்சக்கரங்களுக்குத் தடுப்புக்கட்டை போட்டு, நேரடியாகப் பார்த்துவிடுவது நல்லது. ஈர்ப்பு மையத்தின் இதே நகர்வு தலைகீழாகவும் வேலை செய்யும். வாலை உயரத் தூக்கத் தூக்க அதன் எடை குறைந்துகொண்டே போகும். மேலும் தூக்கினால் ஒரு கட்டத்தில் மூக்கு கவிழ்ந்து புரொப்பெல்லர் தரையைத் தொடும். 10 செ.மீ. தூக்கும் டக்கில் இந்த ஆபத்து இல்லை. வாலைத் தூக்கித் தோளில் வைத்துச் சுழற்றும் பழக்கத்தில் உண்டு.

வாசல் விளிம்பு

யானை போய் வால் சிக்கியது என்பார்கள். இங்கே வால் சுலபமாக ஏறிவிடும், சிக்குவது யானைதான். ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகையின் வாசலில் கதவுத் தண்டவாளமோ காங்கிரீட் விளிம்போ 2 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். வாலைத் தட்டில் தூக்கி வைத்த டக் அதைத் தாண்டிவிடும். பிறகு முன்சக்கரங்கள் வந்து முட்டும். 6.00-6 டயரின் வெளி ஆரம் சுமார் 22 செ.மீ. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து 600 கிலோ தாங்கினால், கல் போன்ற சக்கரத்துக்கு அந்த விளிம்பு ஏற 275 கிலோ இழுவிசை வேண்டும். காற்று டயர் அமுங்கிக் கொடுப்பதால் அது பாதியாகக் குறைந்தாலும் 130-க்கு மேல். மேலே சொன்ன எந்தச் சிறிய டக்காலும் முடியாத எண் இது. அமுங்கிய மென்டயர் போட்ட 31 அங்குலச் சக்கரங்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை குறைவு, ஆரம் பெரியது.

டக்கைப் பெரிதாக்குவதைவிட வாசலைச் சரிசெய்வது மலிவு. 2 செ.மீ. உயரத்துக்கு 20 செ.மீ. நீளச் சாய்வு கொடுத்தால் 600 கிலோவுக்கு ஏற்றம் 60 கிலோ, உருளும் தடை 12, ஆக 72. சாய்வை 30 செ.மீ. ஆக்கினால் 52 கிலோவாக இறங்கும். காங்கிரீட் பூச முடியாத வாடகை ஹேங்கர் என்றால் மரச் சாய்வுப்பலகை இரண்டு, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒன்று, அடியில் பழைய டயர் ரப்பர் ஒட்டி வையுங்கள். ரப்பர் இல்லாவிட்டால் சக்கரம் பலகையை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். ஒரு சக்கரம் முதலில், மற்றது பிறகு என்று கோணலாக ஏற்றும் தந்திரமும் உண்டு, இழுவிசை பாதியாகும். ஆனால் முதல் சக்கரம் ஏறும் கணத்தில் வால் பக்கவாட்டில் வெட்டி இழுக்கும். குறுகலான வாசலில் இறக்கை முனை கதவுத்தூணில் போய் நிற்கும்.

வாலை எப்படிப் பிடிக்கிறது

இந்த இடத்தில்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். வால்சக்கரம் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்து வாங்கிவந்து, டக்கின் கொக்கி பொருந்தாமல் வெல்டிங் கடையைத் தேடுகிறார்கள்.

பிடிக்கும் முறை மூன்று. அச்சின் இரு முனைகளிலும் ஊசி நுழைப்பது ஒன்று. சக்கரத்தைத் தட்டில் ஏற்றி, பெல்ட்டால் இழுத்துக் கட்டுவது இன்னொன்று. மூன்றாவது, வால்சக்கரத்தை உடலோடு இணைக்கும் பட்டை ஸ்பிரிங்கின் அடியில் தாங்கியைக் கொடுத்துத் தூக்குவது.

அச்சு ஊசி எளிமையானது, வேகமானது. ஸ்காட் 3200, மௌல் போன்ற வால்சக்கரங்களில் அச்சைத் தாங்கும் கவை சக்கரத்தின் இரு பக்கமும் இருப்பதால் ஊசிக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஆர்வி வகை விமானங்களில் பலர் ஒருபக்கக் கவையைப் போட்டிருக்கிறார்கள். அங்கே மறுபக்கத்தில் ஊசி மாட்ட ஒன்றுமில்லை. இரு பக்கக் கவையிலும் கூட, ஊசி உட்காருவது அச்சு நட்டின் மேலா, அதற்கென்று விட்ட துளையிலா என்று பாருங்கள். நட்டின் மேல் உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நட்டு கொஞ்சம் சுழலும். நட்டு கழலாமல் தடுக்கும் கோட்டர்பின் தேய்ந்து அறுந்த பிறகுதான் கண்ணில் படும்.

தட்டும் பெல்ட்டும் எல்லா வகைக்கும் பொருந்தும். தட்டின் உள் அகலத்தை உங்கள் டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 8 அங்குலச் சக்கரத்துக்கு அளவெடுத்த தட்டில் பெரிய மென்டயர் நுழையாது. சின்ன 6 அங்குல ரப்பர் சக்கரம் அதே தட்டில் உருண்டு ஆடும். பெல்ட் கவையைச் சுற்றிப் போக வேண்டும், ஸ்டியரிங் கையையோ, அதை ரடரோடு (வாலில் செங்குத்தாக நிற்கும் திருப்பு தகடு) இணைக்கும் செயினையோ சுற்றக் கூடாது. செயினைச் சேர்த்து இறுக்கிக் கட்டிய பெல்ட், முதல் திருப்பத்திலேயே ஒரு கண்ணியைத் திறந்துவிடும்.

ஸ்பிரிங்கைத் தூக்கும் தாங்கி சுழலும் பாகங்கள் எதையும் தொடாது, அதனால் பழைய, பூட்டுள்ள வால்சக்கரங்களுக்கு நல்லது. குறை என்னவென்றால் டக் திரும்பும்போது ஸ்பிரிங் முறுக்குப்படும். ஸ்பிரிங்கை உடலோடு இணைக்கும் போல்ட்டுகளுக்கும் அந்த முறுக்கு போகும். தாங்கி மேல் ஒரு சுழல்தட்டு இல்லாத டக்கை இதற்கு எடுக்க வேண்டாம்.

அடுத்தது சுழற்சி. முழுச் சுழற்சி உள்ள வால்சக்கரம் ஒரு கோணத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங்கிலிருந்து கழன்று சுதந்திரமாகத் திரும்பும். அந்தக் கோணம் வரும் வரை டக்கின் ஒவ்வொரு திருப்பமும் செயின் வழியாக ரடரை இழுக்கும். ரடருக்குக் கண்ட்ரோல் லாக் (காற்றில் அசையாமல் இருக்கப் போடும் பூட்டு) போட்டபடி டக்கைத் திருப்பினால் ரடர் அசையாது. பதிலாக இணைப்பு ஸ்பிரிங் நீண்டுபோகும், அல்லது ரடர் கொம்பு வளையும். நகர்த்தும் முன் ரடர் லாக்கைக் கழற்றுவது முதல் வேலை. எலிவேட்டருக்கு, அதாவது வாலில் கிடையாக இருக்கும் ஏற்ற இறக்கத் தகட்டுக்கு, நேர் எதிர்: கட்டாமல் விட்டால் அது கீழே தொங்கி டக்கின் கைப்பிடியில் இடிக்கும். கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னுக்கு இழுத்து இருக்கை பெல்ட்டால் கட்டினால் எலிவேட்டர் மேலே நிற்கும். ரடருக்கு அதனால் தடையில்லை.

முழுச் சுழற்சி இல்லாத பழைய வால்சக்கரத்துக்கு அளவு மீறிய திருப்பம் ஆகாது. பூட்டு உள்ள வால்சக்கரமென்றால் பூட்டைத் திறக்காமல் டக்கைத் தொடவே கூடாது. டக்கின் பலம் இங்கேதான் எதிரியாகிறது. கையால் தள்ளும்போது ஏதோ தடுக்கிறதே என்று கைக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது.

இன்னொரு அளவும் எடுங்கள்: தரையிலிருந்து ரடரின் கீழ் விளிம்பு வரை எத்தனை செ.மீ.? ரடரும் எலிவேட்டரும் வால்சக்கரத்துக்கு மேலேயும் பின்னேயும் நீண்டிருக்கும் விமானங்களில் டக் அவற்றின் அடியில் நுழைய வேண்டும். மோட்டார் பெட்டி உயரமான டக் ஒன்று துணி போர்த்திய ரடரின் கீழ் மூலையில் நுழையும்போது, கிழிசல் சத்தம் கேட்ட பிறகுதான் நிற்கும்.

கையில் இருக்கும் வழிகள்

இழுகம்பி. 1.2 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள குழாய், நுனியில் அச்சுக் கொக்கி. காங்கிரீட் ஹேங்கர், மட்டமான முன்தளம், கப், சாம்ப், லஸ்கம் போன்ற எடை குறைந்த விமானம் என்றால் இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை. ஒருவர் மூச்சுவாங்காமல் இழுக்கக்கூடிய 20 கிலோவுக்குள் எல்லாம் முடிந்துவிடும். வாலை முன்னிட்டு இழுக்கும்போது வால்சக்கரம் தன் கவையைச் சுழற்றி மறுபக்கம் திரும்பப் பார்க்கும். சட்டென்று 180 பாகை திரும்பும் அந்தக் கணத்தில் கம்பி கையிலிருந்து தெறித்துத் தாடையில் அடிக்கும். முதல் ஒரு மீட்டரை மெதுவாக இழுங்கள், அவ்வளவுதான்.

கைத் தள்ளுவண்டி. இரண்டு சக்கரம், ஒரு நெம்புகோல். வாலைத் தூக்கித் தட்டில் வைத்துக்கொண்டு மனிதர் தள்ளுவது. இழுவிசையை இது குறைக்காது, ஆனால் சுழற்சிப் பிரச்சினை எல்லாம் போய்விடும். நெருக்கமான ஹேங்கரில் விமானத்தை நின்ற இடத்தில் திருப்ப இதைவிட நல்ல கருவி இல்லை. புல்லில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சக்கர விட்டம் 25 செ.மீ.-க்குக் குறையாமல் பாருங்கள். தொழிற்சாலைத் தள்ளுவண்டியின் சின்னக் கெட்டிச் சக்கரம் முதல் பொந்திலேயே நின்றுவிடும்.

டிரில்லால் ஓடும் டக். எடை குறைவு, தனி பேட்டரி பராமரிப்பு இல்லை, விமானத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு பறக்கலாம். எடை குறைவு என்பதே இதன் குறையும். வாலைத் தூக்கும் அமைப்பு இல்லாவிட்டால் மூக்குச் சக்கரத்துக்குத்தான் இது லாயக்கு. டிரில்லை முழு வேகத்தில் திடீரென்று அழுத்தினால் கைப்பிடி முறுக்கி மணிக்கட்டைப் பதம்பார்க்கும். குறைந்த கியரில், மெல்ல அழுத்திப் பழக வேண்டும்.

பேட்டரி டக், நடந்தபடி ஓட்டுவது. காங்கிரீட்டில் நிற்கும் செஸ்னா 170, ஆர்வி-8, டெக்கத்லான் போன்றவற்றுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான், இரண்டு நிபந்தனையோடு. தட்டு இயக்கச் சக்கரத்துக்கு நேர் மேலே, அல்லது மிக அருகே இருக்க வேண்டும். தட்டு முன்னால் தள்ளி, அதன் அடியில் சின்ன உருளைச் சக்கரம் வைத்த மாதிரியில் வாலின் எடை அந்த உருளைக்குப் போய்விடும், பிடிமானத்துக்கு வராது. இரண்டாவது, சுவிட்சை விட்டதும் டக் நிற்க வேண்டும், சரிவிலும். புழுக்கியர் உள்ளது தானாகப் பிடித்துக்கொள்ளும். இல்லாததற்கு மின்காந்த பிரேக் வேண்டும். வேகக் கட்டுப்பாடு படிப்படியாக ஏறுவதாக இருக்கட்டும். ஆன், ஆஃப் மட்டும் உள்ள சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் வால் ஸ்பிரிங்கை ஓர் உதை உதைக்கும். பேட்டரி ஈய-அமில வகையென்றால் வாரக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். சார்ஜரைச் சுவரிலேயே மாட்டி, டக்கை நிறுத்தியதும் செருகுவதைப் பழக்கமாக்குங்கள்.

ரிமோட் டக். மேலே சொன்ன பிடிமானக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும். ரிமோட் என்பதால் உராய்வு கூடிவிடாது. செயின்பட்டை ஓட்டம் உள்ளவை புல்லில் தேவலை. விலை அதிகம். ஆனாலும் ஒரே ஆளாக விமானத்தைக் கையாள்பவருக்கு இது தரும் வசதி வேறு எதிலும் கிடைக்காது: இறக்கை முனை அருகில் நின்றுகொண்டு வாலை ஓட்டலாம். சிக்னல் அறுந்தால் தானாக நிற்கிறதா என்று வாங்கும் முன் ரிமோட்டின் பேட்டரியைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

பெட்ரோல் டக். கனமானது, அகலமான டயர், அதனால் புல்லுக்கு ஏற்றது. ஒரே இடத்தில் நாலைந்து விமானங்களை நாள் முழுக்க நகர்த்தும் கிளப்புக்குச் சரி. மூடிய ஹேங்கருக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்ஸைடு. பெட்ரோல் டேங்க் ஒழுகும் விமானத்துக்குப் பக்கத்தில் சூடான சைலன்சர். மாதம் ஒருமுறை மட்டும் பறப்பவருக்கு இது தலைவலி, கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிக் கிளம்ப மறுக்கும்.

புல்வெட்டும் டிராக்டர், நான்கு சக்கர பைக். பிடிமானத்துக்குப் பஞ்சமே இல்லை, ஏற்கெனவே கொட்டகையில் நிற்கிறது, செலவும் இல்லை. விமானங்களின் வாலை அதிகம் உடைப்பதும் இந்த வகைதான் என்று துணிந்து சொல்லலாம். ஓட்டுபவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வால் மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரிவதே இல்லை. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் இழுகம்பிக்கும் வண்டிக்கும் நடுவே, மிகை விசையில் தானே ஒடியும் மென்மையான போல்ட் ஒன்றைப் போடுங்கள். நடக்கும் வேகத்தைத் தாண்ட வேண்டாம். இறக்கை முனையில் ஓர் ஆள் நடந்து வரட்டும்.

வின்ச். ஹேங்கரின் பின்சுவருக்கு அருகே தரையில் போல்ட் போட்டு நிறுத்திய, மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் 12 வோல்ட் வின்ச். பிடிமானப் பிரச்சினை அடியோடு இல்லை, ஏனென்றால் இழுப்பது தரையோடு பிணைந்த போல்ட். 900 கிலோ தாங்கும் சாதாரண பைக் வின்ச்சுக்கு மேலே சொன்ன 72 கிலோ ஒரு பொருட்டே அல்ல. அதனால் வாசலில் ஏற்றம், உள்ளே இடமில்லை, விமானம் கனம் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இதற்கு நிகர் இல்லை. செஸ்னா 180 போன்றவற்றில் கயிற்றை வால்சக்கரத்தில் கட்டாமல், இரண்டு முன்சக்கரக் கால்களின் அடிப்பகுதியிலிருந்து வி வடிவப் பட்டை கொடுத்து இழுத்தால் வால் ஸ்பிரிங் தப்பிக்கும். வாலை ஒருவர் இழுகம்பியால் திருப்பினால் போதும். குறைகள் இரண்டு. வின்ச்சுக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது; வெளியே எடுக்க வேறு வழி வேண்டும். உள்நோக்கிச் சரியும் தளத்தில் விமானம் கயிற்றை முந்திக்கொண்டு ஓடும், கயிறு தொய்ந்து கிடக்கும். மேலும் இந்த வின்ச்சுகள் தொடர்ந்து ஓடச் செய்யப்பட்டவை அல்ல. சில நிமிடம் இழுத்தால் மோட்டார் ஆறக் காத்திருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் போகிறது

வாலை முன்னிட்டு உள்ளே இழுப்பது சுலபம்; விமானம் இழுவண்டிபோல் பின்தொடரும். வெளியே வரும்போது டக் பின்னாலிருந்து தள்ளுகிறது. அப்போது விமானம் ஃபோர்க்லிஃப்ட் போல நடந்துகொள்ளும், மூக்கு இடப்பக்கம் போக வேண்டுமென்றால் வாலை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். ஓட்டுபவருக்கு இறக்கை முனை தெரியாது. 10.7 மீட்டர் இறக்கை நீளமுள்ள ஜே-3 கப் 5 பாகை திரும்பினால் முனை 47 செ.மீ. முன்னோ பின்னோ போய்விடும். தரையில் மூன்று கோடுகள் வரைவது இதற்குப் போதும்: முன்சக்கரங்களுக்கு இரண்டு, வால்சக்கரத்துக்கு ஒன்று. உள்ளே நிற்க வேண்டிய இடத்தில் முன்சக்கரத்துக்கு ஒரு தடுப்புக்கட்டையைத் தரையோடு அடித்துவிடுங்கள்.

பின்சுவர் வரை எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதையும் டக் வாங்கும் முன்பே அளக்க வேண்டும். டக்கின் நீளம், கைப்பிடி, பின்னால் ஓர் ஆள்: 1.5 மீட்டருக்குக் குறைந்தால் ஓட்டுபவர் சுவருக்கும் விமானத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். கைப்பிடி பக்கவாட்டில் மடங்கும் டக், ரிமோட், வின்ச் ஆகிய மூன்றில் ஒன்றுதான் அந்த இடத்துக்கு.

புல்லில் நிற்கும் விமானத்துக்கு இந்தப் பட்டியல் சுருங்கிவிடும். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள டக், அல்லது டிராக்டர், அல்லது வின்ச். நான்காவது வழி ஒன்றைப் பலர் நினைப்பதில்லை. டக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, முன்சக்கரங்கள் ஓடும் இரண்டு தடங்களிலும் டக் ஓடும் நடுத்தடத்திலும் பிளாஸ்டிக் தரைக்கட்டங்களைப் பதித்துச் சரளை நிரப்பினால், உருளும் தடை குறைந்து, பிடிமானமும் கூடி, சின்ன பேட்டரி டக்கே போதுமானதாகிவிடும். நடுத்தடத்தை மறந்து இரண்டு தடங்களை மட்டும் போட்டவர்களின் டக் ஈரப் புல்லில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது கழற்றும் வரிசை. முதலில் முன்சக்கரங்களுக்குத் தடுப்புக்கட்டை, பிறகு வாலை இறக்குவது, பிறகு பெல்ட் அல்லது ஊசி. வரிசை மாறி, சரிவில் பெல்ட்டை முதலில் அவிழ்த்தால் விமானம் தட்டிலிருந்து தானே இறங்கிப் போகும். வால் பின்னால் இருப்பதால், கழற்ற மறந்த இழுகம்பியோ தொங்கும் பெல்ட்டோ விமானி இருக்கையிலிருந்து கண்ணில் படாது. புரொப்பெல்லரில் மோதிச் சத்தமும் போடாது. ரடர் பாதியில் இறுகும்போதுதான் தெரியும். மேக்னெட்டோ சாவி (இன்ஜினின் தீப்பொறியை இயக்கும் சாவி) உள்ள விமானமென்றால் அந்தச் சாவியை டக்கின் கைப்பிடியில் ஒரு கொக்கி அடித்து அங்கே மாட்டுங்கள். டக்கைத் தொடாமல் இன்ஜினைக் கிளப்ப முடியாது. சாவி இல்லாத பழைய விமானத்துக்கு, சிவப்புத் துணி கட்டிய ஒரு கயிற்றை இழுகம்பியிலிருந்து கதவுக் கைப்பிடி வரை நீட்டிக் கட்டுங்கள்.